பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த அப்கிரேடு பணத்துக்கு ஈடு? வரிசைப்படி ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, ரேம் போட்டா ஸ்பீடு ஆயிடுமா?" கம்ப்யூட்டர் கடைகளில் தினமும் விழும் கேள்வி. கடைக்காரரும் ஆகும் என்றுதான் சொல்வார், ரேம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) அவரிடம் இருக்கிறதே. அந்த மெஷினில் எந்தப் பாகம் மற்ற எல்லாவற்றையும் காக்க வைக்கிறது என்று பார்க்காதவரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எப்படிப் பார்ப்பது, பார்த்தபின் எந்த வரிசையில் செலவு செய்வது, எந்த இடத்தில் கையை இழுத்துக்கொள்வது, இவைதான் இங்கே விஷயம்.

வீடு, டிடிபி கடை, சிறு அலுவலகம் போன்ற இடங்களில் ஓடும் விண்டோஸ் டெஸ்க்டாப்புகளை வைத்து எழுதியிருக்கிறேன். இன்டெல் என்றால் இரண்டாம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரை (பிராசசர் எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை, ஐ5-7500 என்றால் ஏழு), ஏஎம்டி என்றால் ரைசன் வந்த பிறகு. லேப்டாப்புக்கு இதில் பாதி பொருந்தாது.

1. முதலில் தயார் செய்ய வேண்டியவை

ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சின்ன பிரஷ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் அல்லது பெரிய பென் டிரைவ் ஒன்று. முக்கியமான கோப்புகளின் பேக்கப் எடுத்தாகிவிட வேண்டும். டிஸ்க்கைத் தொடப்போவதில்லை, ரேம் மட்டும்தானே என்று நினைப்பவர்களும் எடுக்க வேண்டும். பழைய கேபினெட்டைத் திறந்து மூடும்போது லூசாகும் சாட்டா கேபிள் (டிஸ்க்கைப் போர்டோடு இணைப்பது), எந்தப் பாகத்தை மாற்ற வந்தோம் என்று பார்ப்பதில்லை.

சிபியூ-இசட், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மூன்று இலவச மென்பொருள்களையும் இறக்கி வையுங்கள். முதலாவது போர்டு, பிராசசர், ரேம் விவரம் சொல்லும். இரண்டாவது டிஸ்க்கின் உடல்நிலை. மூன்றாவது வெப்பம்.

விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருக்கிறதா, டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தால் அதன் ரெக்கவரி கீ கையில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பிராசசர் அல்லது போர்டை மாற்றிய பிறகு விண்டோஸ் இந்த ரெக்கவரி கீயைக் கேட்கலாம். அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது.

2. எந்த நொடியில் ஸ்லோ என்று ஒரு வரி எழுதுங்கள்

"சிஸ்டம் ஸ்லோ" என்பது நோயின் பெயரே இல்லை. ஆன் செய்து டெஸ்க்டாப் வர மூன்று நிமிடம் ஆகிறது, கோரல் டிராவில் பெரிய ஃபைலைத் திறந்தால் உறைகிறது, குரோமில் பத்து டேபுக்கு மேல் போனால் இழுக்கிறது, வீடியோ ஏற்றுமதிக்கு இரவு முழுவதும் ஆகிறது, கேமில் சண்டைக் காட்சியில் மட்டும் திக்குகிறது. இந்த ஐந்துக்கும் மருந்து வேறு வேறு.

எழுதிய வரிக்குப் பக்கத்தில் கடிகாரம் பார்த்து நேரத்தையும் குறியுங்கள். கடைசிப் படியில் இதே வேலையை மறுபடி செய்து பார்க்க வேண்டியிருக்கும். எண் இல்லாவிட்டால், பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காகவே மனசு வேகம் கூடியதாகச் சொல்லிவிடும்.

3. காசில்லாமல் தீர்வதை முதலில் தீருங்கள்

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஹீட்சிங்க் (பிராசசர் மேல் உள்ள உலோகக் குளிர்விப்பான்) இடுக்கில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தால் பிராசசர் வெப்பத்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு கனமான வேலை கொடுங்கள். 90 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், தூசியைத் தட்டி, பிராசசரிலிருந்து ஹீட்சிங்குக்கு வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போடுவதுதான் உங்கள் முதல் அப்கிரேடு. பேஸ்ட் விலைக்கு வேறெதுவும் இவ்வளவு வேகம் தராது.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி 2010, 2015 என்று பின்னால் போனால் போர்டில் உள்ள சிஆர் 2032 காசு பேட்டரி செத்துவிட்டது. அது செத்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் பழைய நிலைக்குப் போகும், தேதி தவறாக இருப்பதால் பல இணையதளங்களும் திறக்காது. இதைப் பார்த்து "போர்டு போச்சு" என்று புது கம்ப்யூட்டர் விலை கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாதவற்றை அணையுங்கள். இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். "கிளீனர்" மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம்.

4. டாஸ்க் மேனேஜரைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, இரண்டாம் படியில் எழுதிய அந்த ஸ்லோ வேலையைச் செய்யுங்கள். சும்மா இருக்கும்போது பார்ப்பதில் பயனில்லை.

ஒரு டிடிபி கடை மெஷினில் காண்பதைச் சொல்கிறேன். நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். கல்யாணப் பத்திரிகை டிசைன் ஒன்றைத் திறந்ததும் டிஸ்க் வரைபடம் 100 சதவீதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கீழே படிக்கும் வேகம் நொடிக்கு 2 எம்பிகூட இல்லை, சராசரி பதில் நேரம் பல நூறு மில்லி நொடி. பிராசசர் 15 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

பார்த்தவுடன் "டிஸ்க்தான் கோளாறு, எஸ்எஸ்டி போடு" என்பார்கள். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க். அவர்கள் சொல்வது பாதி சரி. மெமரி பக்கத்துக்குப் போய் "கமிட்டட்" என்ற எண்ணைப் பாருங்கள், ஓடும் மென்பொருள்கள் மொத்தமாகக் கேட்டிருக்கும் நினைவகம் அது. 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் அது 7 என்று காட்டினால், மீதியை ரேமில் வைக்க இடமில்லாமல் விண்டோஸ் டிஸ்க்குக்குத் தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டிருக்கலாம். டிஸ்க் திணறுவதற்கு ரேம் பற்றாக்குறையும் ஒரு காரணம் என்று அர்த்தம். இந்த மெஷினுக்கு இரண்டும் வேண்டும். அதே டிஸ்க் 100 சதவீதத்தில் இருந்து, கமிட்டட் எண் ரேம் அளவுக்குள் அடங்கியிருந்தால் எஸ்எஸ்டி மட்டும் போதும்.

பிராசசர் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) உள்ள பிராசசரில் ஒரு கோர் மட்டும் முழுதாக வேலை செய்தால் மொத்தக் கணக்கு 25 சதவீதம் என்றுதான் காட்டும். வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து தனித்தனி கோர்களாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சத்தில் நின்றால் அந்த மென்பொருள் ஒரு கோரைத்தான் நம்பியிருக்கிறது. கோர் எண்ணிக்கை கூடிய பிராசசர் வாங்கினாலும் அதற்குப் பெரிதாகப் பயன் இருக்காது.

அப்படியே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவையும் திறந்துவிடுங்கள். "ரீ-அலொகேட்டட்", "பெண்டிங்" செக்டர் வரிகளில் எண் ஏறிக்கொண்டிருந்தால் ஹார்ட் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. இனி மற்ற படிகளையெல்லாம் விட்டுவிட்டு பேக்கப் எடுங்கள். சிஆர்சி பிழை (தரவு போகும் வழியில் கெடுவது) மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் குறையில்லை, சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

5. போர்டின் எல்லை எது என்று எழுதி வையுங்கள்

எதை வாங்கலாம் என்பதை உங்கள் பட்ஜெட்டுக்கு முன்பே மதர்போர்டு முடிவு செய்துவிட்டது. சிபியூ-இசட்டில் மெயின்போர்டு பக்கத்தில் மாடல் இருக்கும். அதை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் "சிபியூ சப்போர்ட்" பட்டியலைத் தேடி எடுங்கள். கீழே வரும் எச்61 போன்றவை போர்டின் சிப்செட் பெயர்கள், மாடல் பெயரிலேயே இருக்கும்.

எச்61 போர்டு: இரண்டாம், மூன்றாம் தலைமுறை, டிடிஆர்3 வகை ரேம், அதிகபட்சம் 16 ஜிபி. சாட்டா போர்ட்டுகள் நொடிக்கு 3 ஜிகாபிட் வேகம் மட்டும். என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை எஸ்எஸ்டி) டிஸ்க்கிலிருந்து பூட் ஆகும் என்று நம்பி வாங்கக்கூடாது.

எச்81 போர்டு: நான்காம் தலைமுறை, அதே டிடிஆர்3, அதே 16 ஜிபி. இதில் இரண்டு சாட்டா போர்ட் வேகமானவை, மற்றவை பழைய வேகம். எஸ்எஸ்டியை வேகமான போர்ட்டில் செருக வேண்டும். பலர் காலியாக இருந்ததில் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எச்110, பி250 வகை: ஆறாம், ஏழாம் தலைமுறை. எச்110 போர்டில் டிடிஆர்3 எடுப்பவையும் உண்டு, டிடிஆர்4 எடுப்பவையும் உண்டு. மாடலைப் பார்க்காமல் ரேம் வாங்கினால் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், உள்ளேயே போகாது.

எச்310, பி360, பி365: எட்டு, ஒன்பது. ஆறாம் தலைமுறை போர்டும் எட்டாம் தலைமுறை போர்டும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்தான். பிராசசர் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. பழைய பொருள் சந்தையில் அதிகம் பேர் விழும் குழி இது.

ஏஎம்4 (ரைசன் பிராசசர் உட்காரும் சாக்கெட்) போர்டு வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017-இல் முதல் ரைசனோடு வாங்கிய பி350, அதற்குப் பிறகு வந்த பி450 போன்ற போர்டுகளில் பெரும்பாலானவை பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ரைசன் 5000 வரிசையை ஏற்கும்.

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவா அலுவலக மாடல்களைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஊர்க் கடையிலோ ரீஃபர்பிஷ்டாக வாங்கியிருந்தால் இன்னொன்றும் பாருங்கள். அவற்றில் பல, சாதாரண 24 முள் எஸ்எம்பிஎஸ்ஸை (கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) ஏற்பதில்லை. ஒல்லியான கேபினெட் என்றால் உயரம் குறைந்த கிராபிக்ஸ் கார்டுதான் நுழையும். எஸ்எஸ்டியும் ரேமும் தாராளமாகப் போடலாம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

6. விண்டோஸ் 11 கோட்டுக்கு எந்தப் பக்கம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் வசதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். பிராசசர் இன்டெல்லில் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டியில் ரைசன் 2000 முதல். அதிலும் 2200ஜி, 2400ஜி இரண்டும் பட்டியலில் இல்லை.

இதை ஆறாவது படியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஏழாம் தலைமுறை வரைக்கும் உள்ள மெஷினில் நீங்கள் போடும் எந்தப் பணமும் அதை இந்தக் கோட்டைத் தாண்ட வைக்காது. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றலாம், ஓடவும் ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. லினக்ஸுக்கு மாறத் தயார் என்றால் கோடே கிடையாது. டைப்பிங்கும் பிரவுசிங்கும் மட்டும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். போட்டோஷாப், கோரல், டேலி என்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் எஸ்எஸ்டியோடு நிறுத்துங்கள், தேவைப்பட்டால் பழைய ரேம் ஒன்று. புது கிராபிக்ஸ் கார்டு, புது பிராசசர் எல்லாம் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கு. அதே போர்டு ஏற்கும் பழைய பிராசசர் பற்றி 11-ஆம் படியில் சொல்கிறேன்.

பல போர்டுகளில் டிபிஎம் வசதி இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். "சப்போர்ட் இல்லை" என்று செய்தி வந்தவுடன் புது போர்டு தேடுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

7. எஸ்எஸ்டி: விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் ஒரு சுற்று முடிக்க 8.3 மில்லி நொடி. தேடும் துண்டு, படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி, ஹெட் நகர இன்னும் எட்டு ஒன்பது. ஆக, ஒரு சின்னத் துண்டைப் படிக்கப் பன்னிரண்டு மில்லி நொடிக்கு மேல். எஸ்எஸ்டிக்கு அது ஏறக்குறைய 0.1. விண்டோஸ் எழும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளைப் படிக்கிறது. எச்61 போர்டின் மெதுவான சாட்டாவில் போட்டால்கூட வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான்.

சாட்டாவா, என்விஎம்இயா? சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை, மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை. பெட்டியில் எழுதியிருக்கும் இந்த எண்கள் பெரிய ஃபைலை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போதுதான் தெரியும். பிரவுசர், ஆபீஸ், டேலி வேலையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். விலை ஒன்றுபோல இருந்து, போர்டில் எம்.2 ஸ்லாட்டும் (கேபிள் இல்லாமல் எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடம்) இருந்தால் என்விஎம்இ வாங்குங்கள். அதற்காக அதிகம் கொடுக்காதீர்கள். எம்.2 வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு என்பதால் உங்கள் ஸ்லாட் எதை ஏற்கும் என்று போர்டு கையேட்டில் பார்க்க வேண்டும். சில போர்டுகளில் எம்.2 செருகியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. அதுவும் கையேட்டில் இருக்கும்.

விண்டோஸை எஸ்எஸ்டியில் புதிதாக ஏற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். கழற்றாவிட்டால் பூட் பகுதி பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துவிடலாம். ஆறு மாதம் கழித்து அந்த டிஸ்க்கை எடுக்கும் நாளில் கம்ப்யூட்டர் எழாது, ஏன் என்றும் புரியாது.

எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா பவர் முனை மிச்சமில்லை என்றால் நான்கு முள் மோலெக்ஸிலிருந்து மாற்றித் தரும் மலிவான வார்ப்பு அடாப்டர்களைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று நெருங்கி உருகிப் பற்றிக்கொள்வதற்குப் பேர்போனவை அவை.

8. ரேம்: எவ்வளவு போதும்?

நான்காம் படியில் பார்த்த கமிட்டட் எண்தான் அளவுகோல். உங்கள் கனமான வேலை நாளில் அது எட்டைத் தொடாவிட்டால் 8 ஜிபி போதும். டிசைன் மென்பொருளும் பிரவுசரும் சேர்ந்து ஓடினால் 16. வீடியோ எடிட்டிங் தொழிலாகவே செய்பவர் 32 யோசிக்கலாம். 16-இல் பாதி காலியாக இருப்பவருக்கு 32 போட்டால் காலி இடம் கூடும், வேகம் கூடாது.

2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. மெமரி ஆலைகளின் உற்பத்தி செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குப் போய்க்கொண்டிருப்பது முக்கியக் காரணம். ஆகவே "எதுக்கும் இருக்கட்டும்" என்று அதிகம் வாங்கும் பழக்கம் இப்போது கட்டுப்படியாகாது. பழைய டிடிஆர்4 ஸ்டிக் வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. ஹார்ட் டிஸ்க் போலத் தேய்கிற பொருள் இல்லை அது. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு முறை முழுதாக ஓட்டிப் பிழை வராவிட்டால் நம்பலாம்.

டிடிஆர்3 பழையது வாங்கும்போது "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்கப்படும் மலிவான ஸ்டிக்குகள் இன்டெல் போர்டில் வேலை செய்யாது. கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். கையோடு மெஷினைக் கொண்டுபோய் செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது இன்னும் நல்லது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்கள் ஒற்றை ஸ்டிக் வைத்திருந்தால் அதே அளவில் இரண்டாவது போடுங்கள். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு சேனலாகும்போது அதற்குக் கிடைக்கும் பாதை இரட்டிப்பாகிறது. நான்கு ஸ்லாட் போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான ஜோடி. பக்கத்துப் பக்கத்தில் செருகுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

9. எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ்: கிராபிக்ஸ் கார்டுக்கு முன் இதைப் பாருங்கள்

எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மேல் "450 வாட்" என்று பெரிதாக இருப்பதை மறந்துவிட்டுப் பக்கவாட்டு ஸ்டிக்கரில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர்? 16 என்று இருந்தால் 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இப்படித்தான் இருக்கும்.

நல்ல எஸ்எம்பிஎஸ் வேகத்தைக் கூட்டாது, வாங்கினால் யாருக்கும் காட்டிப் பெருமைப்படவும் முடியாது. ஆனால் மலிவானது போகும்போது தனியாகப் போவதில்லை, போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகிறது. கரண்ட் அடிக்கடி ஏறி இறங்கும் ஊர்களில் கிராபிக்ஸ் கார்டு பட்ஜெட்டில் கொஞ்சம் குறைத்தாவது இதற்கு ஒதுக்கச் சொல்வேன்.

வீட்டு யூபிஎஸ்ஸில் 600 விஏ என்று எழுதியிருந்தால் வழக்கமாக 360 வாட்தான் தாங்கும். மானிட்டரும் அதிலேயே ஓடுகிறது. புது கார்டு போட்டபின் கரண்ட் போனதும் யூபிஎஸ் கீச்சிட்டு அணைந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள்.

10. கிராபிக்ஸ் கார்டு

கேம் ஆடுபவர்கள் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கேமின் ரெசல்யூஷனை ஒரு படி குறைத்து அதே காட்சியை ஆடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாக ஏறினால் கிராபிக்ஸ்தான் தடை, கார்டு பயன் தரும். அசையவே இல்லை என்றால் பிராசசர் தடை, எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அதே திக்கல்தான்.

பழைய மெஷினுக்குப் பொருத்தமானவை தனி பவர் கேபிள் கேட்காத கார்டுகள். போர்டு ஸ்லாட் வழியாக 75 வாட் வரை எடுக்கலாம். 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி அதற்குள் அடங்கும். ஜிடிஎக்ஸ் 1650-இல் பல மாடல்களும் அப்படியே, சிலவற்றுக்கு மட்டும் ஆறு முள் இணைப்பு வேண்டும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் பிசிஐஇ எனப்படும் அந்த ஸ்லாட்டில் நான்கு பாதை மட்டுமே பயன்படுத்துபவை. பிசிஐஇ 3.0 போர்டில் வேகம் இறங்கும், வீடியோவை என்கோட் செய்யும் வசதியும் அவற்றில் கிடையாது. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஜிடி 710, ஜிடி 730? இரண்டாவது மானிட்டருக்கு முனை வேண்டும் என்றால் சரி. ஜிடி 710-க்கெல்லாம் 2021-உடன் புதிய கேம் டிரைவர் நின்றுவிட்டது. "4 ஜிபி கார்டு" என்ற வார்த்தைக்காக அவற்றை வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

வீடியோ எடிட்டிங்கில் டைம்லைன் திக்குகிறது என்றால் கார்டுக்கு முன் ப்ராக்ஸி வைத்து எடிட் செய்து பாருங்கள். சின்ன அளவு நகலில் வெட்டி ஒட்டி, கடைசியில் அசலில் ஏற்றுமதி. செலவு இல்லை. போட்டோஷாப்பில் தற்காலிகக் கோப்புகள் போகும் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்றுவதும் இந்த வகைதான்.

11. பிராசசர்: ஏன் கடைசியில்?

இது ஒன்றுதான் மற்றவற்றை அதிகம் இழுத்துக்கொண்டு வரும். போர்டின் பட்டியலுக்குள்ளேயே மாற்ற முடிந்தால் நல்ல பேரம். ஐ3-6100-இல் இரண்டே கோர். அதே போர்டில் பயாஸ் அப்டேட் செய்து பழைய ஐ5-7500 போட்டால் நான்கு. பி450-இல் ரைசன் 3 இருந்த இடத்தில் ரைசன் 5 5600 போட்டால் ஆறு கோர், ஏறக்குறைய வேறு மெஷின்.

பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே முடியுங்கள். புதியதை மாட்டியபின் போர்டுக்கு அதை அடையாளம் தெரியாது, திரையே வராது. அப்டேட் நேரத்தில் யூபிஎஸ் கட்டாயம்.

தனி கார்டு இல்லாமல் 2200ஜி, 3200ஜி வைத்திருப்பவர் 5600 வாங்கினால் மானிட்டர் கறுப்பாகத்தான் இருக்கும். அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. அவருக்கு வேண்டியது 5600ஜி. இன்டெல்லில் எஃப் என்று முடிபவையும் இப்படியே.

ஏஎம்4 கூலரைக் கழற்றும்போது நேராக இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பிராசசரையும் பிடுங்கிக்கொண்டு வரும், முட்கள் வளையும். பத்து நிமிடம் மெஷினை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகியபின் எடுங்கள்.

12. கூட்டிப் பார்த்து நிறுத்துங்கள்

வாங்க நினைக்கும் பொருள்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது இழுக்கும் பொருளையும் எழுதுங்கள். பிராசசர் என்றால் போர்டு, போர்டு என்றால் ரேம், சில நேரம் விண்டோஸ் லைசென்ஸ். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கணக்கு வந்துவிட்டால் அங்கேயே நில்லுங்கள். போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் மாறுகிறது என்றால் நீங்கள் புது கம்ப்யூட்டர் வாங்குகிறீர்கள், பழைய கேபினெட்டில்.

நான் வைத்திருக்கும் கோடு இது: இந்த மெஷினோடே முடிந்துபோகும் பொருள்களுக்கான செலவு, இதே வேலைக்கு ஆகும் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டக்கூடாது. டிடிஆர்3 ரேம், பழைய சாக்கெட் பிராசசர் இரண்டும் இங்கேயே முடிபவை. எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் அடுத்த மெஷினுக்கும் வரும். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நாள் முழுக்க டிசைன் பார்க்கும் ஒருவருக்கு நிறத்தைச் சரியாகக் காட்டும் நல்ல ஐபிஎஸ் மானிட்டர், பிராசசரைவிடப் பெரிய அப்கிரேடு.

13. வாங்குவதும் மாட்டுவதும்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எஸ்எஸ்டி போட்டு ஒரு வாரம் ஓட்டியபின் ரேம் தேவையே இல்லை என்று பலருக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே நாளில் மாட்டி மெஷின் எழாவிட்டால் எது காரணம் என்று தேடவும் வேண்டியிருக்கும்.

ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். எஸ்எஸ்டியை மாட்டியதும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதியது என்று விற்றதில் நூற்றுக்கணக்கான மணி நேரம் இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

மாட்டும் முன் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினெட்டின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரேம் போட்டபின் திரை வராவிட்டால் பயப்பட வேண்டாம். எடுத்து, பொன்னிறத் தொடுமுனைகளை மென்மையான அழிப்பானால் தேய்த்து, துகளைத் துடைத்து, இரு பக்கமும் 'டக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள். எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) வசதி உள்ள ரேம், போர்டு என்றால் பயாஸில் அதைத் திறந்தால்தான் பெட்டியில் எழுதிய வேகம் வரும்.

பிறகு இரண்டாம் படியில் எழுதிய வேலையைச் செய்து நேரம் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் இப்போது எது உச்சத்தில் நிற்கிறது என்றும் பாருங்கள். நேரம் உங்களுக்குப் போதுமென்றால் அடுத்த பொருளை வாங்க வேண்டாம், வரைபடம் எது சொன்னாலும் சரி.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை விற்பதாக இருந்தால் குவிக் ஃபார்மட் போதாது. அதிலிருந்து படங்களையும் ஆதார் நகல்களையும் மீட்டுவிடலாம். ஃபார்மட் செய்யும்போது குவிக் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், 1 டிபி டிஸ்க்குக்குச் சில மணி நேரம் ஆகும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் நலமாக இருந்தால் விற்காமல் பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்வதுதான் லாபம், அதற்குக் கிடைக்கும் பழைய விலை மிகச் சொற்பம்.